கோணமரத்துப்பட்டிக் குடம் தலைநகர் பார்த்த கதை

அறிவாளிகள் வாழும் ஊர்களைப் பற்றிப் பேச அந்தந்த ஊரிலேயே வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள். கோணமரத்துப்பட்டியைப் பற்றிப் பேசத்தான் நாதியில்லை. ஆகவே இந்தக் கதை.

கோணமரத்துப்பட்டிக்கு ஒரே ஒரு கிணறு. அதில் ஊறும் தண்ணீர் மண்ணின் நிறத்தில் இருக்கும், மண்ணின் ருசியில் இருக்கும், கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் பாதி மண்ணாகவே ஆகிவிடும். அந்தத் தண்ணீரும் ஊர் முழுவதற்கும் போதாது. அதனால் கிணற்றடிக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். குடம் வரிசையில் இருந்தால் ஆள் இருப்பதாகவே பொருள். ஆள் வேலைக்குப் போகலாம், கல்யாணத்துக்குப் போகலாம், செத்தும் போகலாம். குடத்தின் முறை போகாது. முன் குடம் நகராமல் பின் குடம் நகரக் கூடாது. முறை வருமுன் குடத்தைத் தூக்கினால் அந்த வீட்டுக்கு அந்த மாதம் தண்ணீர் கிடையாது. அரசாங்கத்தின் சட்டங்களை அந்த ஊரில் யாரும் கண்ணால் கண்டதில்லை. இந்தச் சட்டத்தை மீறியவனையும் கண்டதில்லை.

குடிநீர்க் குழாய் கேட்டுப் போராட ஊரில் ஒரு குழு அமைத்தார்கள். அதற்குத் தலைவர் அடைக்கலம். குழு அமைக்கும் கூட்டத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க அவர் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் பிடிப்பு, உட்கார முடியவில்லை. நிமிர்ந்து நிற்கிற ஒரே மனிதர் என்று ஊர் அவரைத் தலைவராக்கியது. அவரும் அன்றிலிருந்து தோளில் துண்டு போட்டுக்கொண்டார். இடுப்புப் பிடிப்பு விட்டபிறகும் துண்டு விடவில்லை.

முதல் போராட்டம் சாலை மறியல். போகிற வருகிற ஜனங்களுக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்பதில் அடைக்கலம் கண்டிப்பானவர். அதனால் வண்டிகள் எதுவும் போகாத பழைய சாலையில் மறியல் செய்தார்கள். ஒரு எருமை வந்தது, அதற்கும் வழிவிட்டார்கள். மறுநாள் ஒரு பத்திரிகை, காலியான சாலையைப் படம் போட்டு, போக்குவரத்து அடியோடு முடங்கியது என்று எழுதிவிட்டது.

தேர்தல் நெருங்கும் நேரம். தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் பதறிப்போய்க் காரில் வந்து இறங்கினார். அந்த ஊருக்குக் கார் வந்தது அதுவே முதல் தடவை என்பதால் காருக்கும் ஒரு மாலை போட்டார்கள்.

"நீங்க எதுக்கு வெயில்ல உக்காந்து கஷ்டப்படணும்?" என்றார் உறுப்பினர். "குழுவிலேர்ந்து நாலு பேர் தலைநகருக்குப் போங்க. சாயங்காலம் நாலு மணிக்கு அமைச்சரை அவரோட ஆபீஸ்லயே பாருங்க. அதுவரைக்கும் ஊரைச் சுத்திப் பாருங்க. மியூசியம், சிலை, சுவர்ல வரைஞ்ச ஓவியம், எல்லாம். வேன் என்னுது. கூட நம்ம எழில்வேந்தன் வருவான்."

எழில்வேந்தன் வெள்ளைச் சட்டைக்காரன். சட்டைப்பைத் துணி மெல்லியது. உள்ளே வைத்திருக்கும் தலைவர் படம் வெளியே தெரியும். ஆட்சி மாறும்போது அவன் சட்டையை மாற்றுவதில்லை, படத்தை மட்டும் மாற்றுவான். அவனைத் தனியே கூப்பிட்டு உறுப்பினர் சொன்னது வேறு: "எல்லாத்தையும் காட்டு. அமைச்சரை மட்டும் காட்டாதே."

வழியனுப்பும்போது ஊர் அடைக்கலத்திடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னது. "குழாயோட வந்தா உன் வீட்டுக் குடம் இனி என்னைக்கும் வரிசையில முதல்ல. வெறுங்கையோட வந்தா என்னைக்கும் கடைசி."

கடைசிக் குடத்தின் முறை வரும்போது கிணற்றில் தவளைதான் இருக்கும். அடைக்கலம் துண்டைச் சரிசெய்துகொண்டார். நாக்கு மட்டும் அப்போதே வறண்டுவிட்டது.

அமைச்சருக்குக் காட்ட ஒரு குடம் கிணற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக் குடம் கூடாது என்றார் அடைக்கலம். அது குடத்தின் நிறம் என்று அமைச்சர் சொல்லிவிட்டால் போராட்டம் தோற்றது. அதனால் தவமணி வீட்டில் புளி போட்டு வைத்திருந்த பழைய மண்குடத்தைக் கழுவி எடுத்தார்கள். தவமணி குழுவின் மகளிர் அணி. அந்த அணியில் அவள் ஒருத்திதான். அவள் புருஷன் சுருளி குடம் சுமப்பவன். அவள் தம்பி காத்தமுத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்ததால் குழுவின் கொள்கைப் பரப்புச் செயலாளர்.

வேனில் எழில்வேந்தன் அவர்களுக்கு நடத்தை சொல்லிக்கொடுத்தான்.

"பட்டணத்துல எதையும் தொடக் கூடாது. வழி தெரியலைன்னா யாராவது பெரியவங்க கைகாட்டுவாங்க, அந்தப் பக்கம் போகணும். எதைக் காட்டினாலும் ரசிக்கணும். அமைச்சரைப் பார்த்தா, அவர் என்ன கேட்டாலும் 'உங்க விருப்பம் ஐயா'ன்னுதான் சொல்லணும். அதுதான் மரியாதை. வேற வார்த்தை வாயில வரக் கூடாது."

கடைசி விஷயம் தேவைப்படாது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டான். அடைக்கலம் அதை வேன் நிற்கும்வரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

விடிந்ததும் கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டு, "சிலைகளைப் பாத்துக்கிட்டு இருங்க, டீ சாப்பிட்டு வந்துடுறேன்" என்று எழில்வேந்தன் போய்விட்டான்.

ஒரு தலைவர் மேடையில் ஏறி நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். சிமெண்டுத் தலைவர்தான். ஆனாலும் பெரியவர்.

"கைகாட்டுறாரு" என்றான் சுருளி.

காட்டிய திசையில் நாலு பேரும் குடத்தோடு நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் இன்னொரு தலைவர் நின்றார். அவர் கை, அவர்கள் வந்த பக்கத்தைக் காட்டியது.

"இது என்ன தலைவரே, போகச் சொல்றாரு ஒருத்தர், திரும்பச் சொல்றாரு ஒருத்தர்?" என்றாள் தவமணி.

"ரெண்டு பேரும் ஒரே கட்சியா?" என்று கேட்டான் காத்தமுத்து.

"மொதல்ல ஒண்ணாத்தான் இருந்தாங்க" என்றார் அடைக்கலம். "பெறகு பிரிஞ்சுட்டாங்க."

"அதான் கை திரும்பிருச்சு."

"அப்ப நாம யாரு பேச்சைக் கேக்குறது?" என்றான் சுருளி. குடம் அவன் தலையில் இருந்ததால் அந்தக் கேள்வியின் கனம் அவனுக்குத்தான் அதிகம்.

அடைக்கலம் கண்ணை மூடி யோசித்தார். "மாறி மாறிக் கேக்கணும். ஒருத்தருக்கு மட்டும் மரியாதை குடுத்தா இன்னொருத்தர் கோவிச்சுக்குவாரு."

ஆகவே முதலாமவர் பேச்சைக் கேட்டு இரண்டாமவரிடம் போனார்கள். இரண்டாமவர் பேச்சைக் கேட்டு முதலாமவரிடம் வந்தார்கள். வெயில் ஏறியது. இவர்களையே பார்த்துக்கொண்டிருந்த சுண்டல்காரர், "இன்னாப்பா, இந்தாண்டயும் அந்தாண்டயும் நடந்துனே கீறீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னார்கள். அவர் சிரிக்கவில்லை. "எங்கப்பா காலத்துலேர்ந்து நாங்களும் அதாம்பா பண்றோம்" என்று சொல்லிவிட்டுச் சுண்டலைக் கிளறினார்.

டீ குடித்துத் திரும்பிய எழில்வேந்தனுக்கு மனசு குளிர்ந்தது. பாதிக் காலைப்பொழுது போயிருந்தது, அதுவும் அவன் செலவில்லாமல். அடுத்து சுவர் ஓவியம்.

ஊருக்கு வெளியே ஏழைகளை அடுக்கி வைத்திருக்கும் மாடி வீடுகள். சுவரெல்லாம் விரிசல். விரிசலைப் பூசினால் ஒப்பந்தக்காரர் பெயர் வெளியே வரும் என்பதால் மேலே ஓவியம் வரைந்திருந்தார்கள். நாலு மாடி உயரத்துக்கு ஒரு நீல அருவி. அடியில் யானை, மயில், பாறை. பாறை மட்டும் முடியவில்லை. சாரத்தில் உட்கார்ந்து ஓவியன் ஒருவன் தூரிகையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"ம், ரசிங்க" என்றான் எழில்வேந்தன்.

"எப்பிடிங்க ரசிக்கிறது?" என்றார் அடைக்கலம். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் அவருக்கு வெட்கம் கிடையாது.

"வாயைத் திறந்து பாத்து, ஆகான்னு சொல்லுங்க. நான் வர்ற வரைக்கும்."

நாலு பேரும் சுவருக்கு எதிரே நின்று வாயைத் திறந்தார்கள். எழில்வேந்தன் நிழல் தேடிப் போய்த் தூங்கிவிட்டான். இவர்கள் ஆகா என்றார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆகா என்றார்கள். ஒரு ஈ சுருளியின் வாய்க்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, ரசிக்கும்படியாக எதுவும் இல்லை என்று திரும்பி வந்தது. வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் இருவர் சுவரை விட்டுவிட்டு இவர்களைப் படம் பிடித்தார்கள்.

அப்போது அருவியின் நடுவில் ஒரு ஜன்னல் திறந்தது. ஒரு பெண் தலையை நீட்டிக் கயிற்றில் கட்டிய குடத்தைக் கீழே இறக்கினாள். "தண்ணி லாரி வந்துச்சா?"

"வரலீங்க" என்றாள் தவமணி. வாய் வலித்ததால் பேச்சு அவளுக்கு ஓய்வாக இருந்தது. "ஏத்தா, அருவிக்குள்ள குடியிருக்க, ஒனக்குமா தண்ணி இல்ல?"

"அந்தக் கொடுமைய ஏன் கேக்குற. இத வரையறதுக்கு மின்னாடி செவுத்தக் கழுவணும்னு ரெண்டு லாரி வந்துச்சி. நாங்க கொடத்த எடுத்துனு மாடியெறங்கறதுக்குள்ள செவுரே குடிச்சிட்ச்சி. அப்பால வரல."

ஜன்னல் சாத்திக்கொண்டது. அருவி ஓடியது. காத்தமுத்துவுக்கு ஒரு யோசனை பிறந்தது. அவனுக்கு யோசனை பிறக்கும்போது காது ஆடும்.

"தலைவரே, நம்மூர்லயும் ஒரு அருவி வரையச் சொன்னா என்ன? சொவரு கழுவ ரெண்டு லாரி வருமுல்ல? சொவத்துக்குக் கீழ குடத்தை வச்சிருவோம்."

"முறை என்ன ஆவுறது?" என்றார் அடைக்கலம். "லாரி சொவத்துக்காக வருது. அப்ப சொவருதான் வரிசையில முதல். அது குடிச்சு முடிச்சுத்தான் நம்ம குடம் நகரணும்."

"சொவரு எப்ப குடிச்சு முடிக்கும்?"

"அதை எப்பிடிக் கேக்குறது? அதுக்கு வாயா இருக்கு?"

இந்த இடத்தில் ஓவியன் சாரத்திலிருந்து குதித்து வந்தான். அவன் கண், சுருளி இறக்கிவைத்தபோது வாய்த்துணி நழுவிய குடத்துக்குள் இருந்தது. "சார், இந்தக் கலர் எங்க கிடைச்சுது? என் பாறைக்கு இதைத்தான் தேடிட்டு இருக்கேன். எதைக் கலந்தாலும் இந்த அழுக்கு வர மாட்டேங்குது. ஒரு டம்ளர் குடுங்க, போதும்."

தவமணி குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அடைக்கலம் குறுக்கே வந்து நின்றார். இந்தக் குடம் குறைந்தால் அவர் குடம் கடைசி.

"தர முடியாதுங்க. இது அமைச்சருக்கு."

"அமைச்சர் பெயின்ட் பண்றாரா?"

"இல்லீங்க. குடிச்சுப் பாக்கணும்."

ஓவியன் குடத்தைப் பார்த்தான், நாலு பேரையும் பார்த்தான். "ரொம்ப நல்ல காரியம்" என்று அடைக்கலத்தின் கையைக் குலுக்கிவிட்டுச் சாரத்தில் ஏறிப் போனான்.

மதியச் சாப்பாடு முடிந்து அருங்காட்சியகத்துக்கு வந்தபோது எழில்வேந்தன் மிகவும் தெம்பாக இருந்தான். உள்ளே நுழைந்தவன் இரண்டு நாளானாலும் வெளியே வர வழி தெரியாத கட்டடம் அது. முதல் கூடத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்கியது. நாலு பேரும் வாயைத் திறந்து ஆகா சொன்னார்கள்.

"பாவம்" என்றாள் தவமணி. "இந்த மீனு கெடந்த எடத்துலயும் தண்ணி வத்திருச்சு போல."

அப்படியே கூடம் கூடமாக ரசித்துக்கொண்டு போனவர்கள், வாசலில் சிவப்பு நாடா கட்டியிருந்த ஒரு கூடத்துக்குள் பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்துவிட்டார்கள். எழில்வேந்தன் பின்னால் ஒரு நடனச் சிலையின் கண்ணாடிப் பெட்டி முன் நின்று தலைசீவிக்கொண்டிருந்தான்.

உள்ளே நீளமான மேடை. மேடைமேல் மண்குடங்கள். கறுத்தவை, சிவந்தவை, வாய் உடைந்தவை, ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாக.

நாலு பேரும் அப்படியே நின்றார்கள். இந்தத் தடவை ஆகா வரவில்லை. தலைநகரிலும் முறை இருக்கிறது.

மேடையைத் துடைத்துக்கொண்டிருந்த காவலாளி திரும்பினார். காலையிலிருந்து பொருள்கள் இறக்கிக்கொண்டிருந்த கூலியாட்களில் இவர்களும் சேர்த்தி என்று நினைத்தார். "இன்னாய்யா, கொடத்தத் தலையில வச்சிக்கினு வேடிக்க பாக்குற? எல்லாக் கொடமும் வரிசையில வைக்கணும்னு சொன்னாங்க இல்ல? வை அங்க. வச்ச பின்னாடி யாரும் தொடக் கூடாது. தொட்டா போலீஸ்."

இவ்வளவு தெளிவாக அரசாங்கம் அவர்களிடம் எப்போதும் பேசியதில்லை. சுருளி குடத்தைக் கடைசிக் குடத்தின் பின்னால் வைத்தான். தவமணி குடத்தின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டாள். வரிசையில் குடத்தை மூடி வைத்தால் நிரம்பியதா காலியா என்று எப்படித் தெரியும்? காவலாளி துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

காத்தமுத்து பலகையை எழுத்துக்கூட்டினான். "ஈ... ரா... யி... ரம்... ஆண்டு... பழைமை..." முழுவதும் சேர்த்ததும் அவன் குரல் இறங்கிப்போயிற்று. "தலைவரே, இந்தக் குடமெல்லாம் ரெண்டாயிரம் வருசமா நிக்குதாம்."

"நகரலையா?"

"நகந்த மாதிரி எழுதலையே."

அடைக்கலம் முதல் குடம்வரை நடந்துபோய்ப் பார்த்தார். அதன் முன்னால் குழாய் இல்லை. கிணறு இல்லை. வெறும் சுவர்தான்.

"ஆளுகளைக் காணோமே" என்றான் சுருளி.

"செத்துப்போயிருப்பாங்க" என்றாள் தவமணி. "அதனால என்ன, குடம் நிக்குதுல்ல?"

"யாரு இவங்களுக்குக் குழாய் போடுறேன்னு சொன்னது?" என்றான் சுருளி.

"அப்ப பாண்டிய ராசா ஆட்சி" என்றான் காத்தமுத்து.

"அவரு எந்தக் கட்சி?"

"அது தெரியல மாமா. இப்ப எல்லாக் கட்சிக்காரனும் எங்காளுதான்னு சொல்றான்."

அடைக்கலம் கணக்குப் போட்டார். நாலு மணிக்கு அமைச்சர் ஆபீசில் இருக்க வேண்டும். குடம் இல்லாமல் போனால் அமைச்சர் நம்ப மாட்டார். குடத்தை எடுக்கலாம் என்றால் முன் குடம் நகரவில்லை. முன் குடம் ரெண்டாயிரம் வருஷமாக நகரவில்லை. முறை மீறித் தூக்கினால் ஊருக்குத் தெரியாது. ஆனால் குடத்துக்குத் தெரியும்.

"காத்திருப்போம்" என்றார். "முன்னால உள்ளவுக எல்லாம் இம்புட்டு நாள் பொறுத்திருக்காக. நமக்கு மட்டும் அவசரம்னா அவுக என்ன நினைப்பாக?"

நாலு பேரும் குடத்தின் பின்னால் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

அப்போது எழில்வேந்தனின் செல்பேசி அடித்தது. நாலு மணிக்கு அமைச்சர் ஆபீசில் இருக்க மாட்டார், புதிய கூடம் ஒன்றைத் திறந்துவைக்க அருங்காட்சியகத்துக்கு வருகிறார், கிளம்பிவிட்டார். எழில்வேந்தனின் வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஓடி வந்தான்.

"எந்திரிங்க, எந்திரிங்க. கெளம்புங்க சீக்கிரம்."

"குடம் நகரலீங்க" என்றார் அடைக்கலம்.

"தூக்குய்யா அதை."

"தொடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"நானே தூக்குறேன்."

தவமணி எழுந்து இடுப்பில் கைவைத்தாள். "தொட்டுத்தான் பாருங்க தம்பி. எங்களுக்கும் முன்னால நிக்கிறவுக அத்தனை பேரும் பாத்துக்கிட்டு இருக்காக."

எழில்வேந்தன் திரும்பிப் பார்த்தான். ஒருவரையும் காணவில்லை. ஆனாலும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். அதற்குள் வாசலில் மேளம் கொட்டியது, நாடா அறுந்தது, அமைச்சர் உள்ளே வந்துவிட்டார்.

பொன்னாடைகள் சுற்றிய அமைச்சரின் முகம் மட்டும் மேலே தெரிந்தது. அவர் பின்னால் கேமராக்கள். பக்கத்தில் காப்பாட்சியர், யாருக்கோ மாப்பிள்ளை என்ற ஒரே தகுதியில் போன மாதம் அந்தப் பதவிக்கு வந்தவர். குடம் குடமாக விளக்கிக்கொண்டு வந்தார். எல்லாக் குடத்துக்கும் பக்கத்தில் எண்ணும் குறிப்பும் இருந்ததால் விளக்கம் சரளமாக வந்தது. கடைசிக் குடத்துக்கு வந்ததும் நின்றுபோயிற்று.

எண் இல்லை. குறிப்பு இல்லை. உள்ளே தண்ணீர் வேறு.

"இது?" என்றார் அமைச்சர்.

காப்பாட்சியர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். தெரியாது என்று சொல்லும் வழக்கம் அவர் குடும்பத்திலேயே கிடையாது. "இதுதான் ஐயா, எல்லாவற்றிலும் மூத்தது. அந்தக் காலத்துத் தண்ணீரோடு அப்படியே கிடைத்தது."

அமைச்சர் குனிந்து பார்த்தார். "நம்ம முன்னோர் இதையா குடிச்சாங்க?"

"ஆமாம் ஐயா."

"அதான் அவங்க இமயம்வரைக்கும் போனாங்க" என்றார் அமைச்சர். கேமராக்கள் பளிச்சிட்டன. தண்ணீர் தேடிப் போயிருப்பார்கள் என்று தவமணி முணுமுணுத்தது யார் காதிலும் விழவில்லை.

அடைக்கலத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாலு மணி. அமைச்சர். குடம். மூன்றும் ஒரே இடத்தில். வரிசையில் பொறுமையாக உட்கார்ந்ததற்குப் பலன். எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முன்னால் வந்தார்.

"ஐயா, நாங்க கோணமரத்துப்பட்டி. இது எங்க ஊருத் தண்ணி. இதைத்தான் நாங்க இன்னைக்கும் குடிக்கிறோம்."

எழில்வேந்தன் ஒரு தாழியின் பின்னால் உட்கார்ந்துகொண்டான். அமைச்சர் காப்பாட்சியரைப் பார்த்தார். மாட்டிக்கொண்ட மனிதனுக்கு வரும் புத்தி படித்தவனுக்கு வராது, காப்பாட்சியர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அதைத்தான் சொல்ல வந்தேன் ஐயா. பழங்காலத் தண்ணீர் இன்றுவரை புழக்கத்தில் இருக்கும் ஒரே ஊர் அதுதான்."

எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டுவதால் நாலு பேரும் கைதட்டினார்கள். அமைச்சர் ஒரு பொன்னாடையைக் கழற்றி அடைக்கலத்துக்குப் போர்த்தினார். தோளில் கைபோட்டு, கேமராக்களைப் பார்த்தபடி, கேட்டார்.

"இப்படிப்பட்ட ஊருக்கு இந்த அரசு எதையும் செய்யும். சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

குழாய் என்ற சொல் அடைக்கலத்தின் தொண்டைவரை வந்தது. அங்கே ஏற்கனவே வேறொரு வாக்கியம் காலையிலிருந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தது. முன்னால் நிற்பதை ஒதுக்கிவிட்டுப் பின்னால் வந்ததை விடும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

"உங்க விருப்பம் ஐயா" என்றார்.

அமைச்சருக்குக் கண் கலங்கியது. அவரிடம் யாரும் இவ்வளவு குறைவாகக் கேட்டதில்லை. அங்கேயே தம் விருப்பத்தை அறிவித்தார். கோணமரத்துப்பட்டியின் தொன்மையான தண்ணீரில் புதுத் தண்ணீர் கலந்துவிடக் கூடாது. ஆகவே அந்த ஊரில் இனி யாரும் குழாய் பதிக்க மண்ணைத் தோண்டக் கூடாது. அருங்காட்சியகத்தில் அந்தத் தண்ணீருக்கு ஒரு கண்ணாடித் தொட்டி கட்டப்படும். வாரம் ஒருமுறை அரசாங்க லாரி ஒன்று கோணமரத்துப்பட்டிக்குப் போகும்.

திரும்பும் வழியில் வேனுக்குள் பெரிய ஆலோசனை நடந்தது. எழில்வேந்தன் முன் இருக்கையில் குறுகி உட்கார்ந்து உறுப்பினருக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

"நாம குழாய் கேக்க வந்தோம்" என்றான் சுருளி. "லாரி குடுத்திருக்காரு. இது செயிச்சதா, தோத்ததா?"

"குழாய்ல என்ன வரும்? தண்ணி வரும், இல்லைன்னா காத்து வரும்" என்றான் காத்தமுத்து. "லாரின்னா லாரியாவது வருமுல்ல மாமா?"

"நம்ம குடத்தை அங்கயே விட்டுட்டு வந்துட்டமே" என்றாள் தவமணி. "புளிய எதுல போட்டு வைக்க?"

"அதுக்குக் கண்ணாடி வீடு கட்டுறாக தாயி" என்றார் அடைக்கலம். "நமக்கே அரசாங்கம் வீடு கட்டித் தரல. குடத்துக்குக் கட்டுது. படிப்படியாத்தான் வரும்."

ஊரே எல்லையில் நின்று வரவேற்றது. அடைக்கலம் பொன்னாடையோடு இறங்கி, அரசாங்க லாரி வாராவாரம் ஊருக்கு வரப்போகிறது என்று அறிவித்தார். கேட்டது குழாய்தானே என்று ஒருவர் இழுத்தார். அவரை மற்றவர்கள் உட்காரவைத்தார்கள். அடைக்கலம் வீட்டுக் குடம் இனி என்றைக்கும் முதல் குடம் என்று முடிவாயிற்று.

சொன்ன நாளில் லாரி வந்தது. குடங்கள் வரிசையாக நின்றன, முதலில் அடைக்கலத்தினுடையது. லாரிக்காரர் இறங்கி, பின்பக்கம் போய், தொட்டியின் மூடியைத் திறந்தார். காத்தமுத்து ஏறி எட்டிப் பார்த்தான்.

"காலியா இருக்கு தலைவரே."

"காலியாத்தான் இருக்கும்" என்றார் லாரிக்காரர். "நெரப்பிக்கிட்டு வரச் சொல்லித்தான் அனுப்பிச்சாங்க. உங்க ஊரு தண்ணி மியூசியத்துக்கு வேணுமாம்."

கோணமரத்துப்பட்டி யோசித்தது. வரிசை இருக்கிறது, குடம் இருக்கிறது, லாரி இருக்கிறது, எதுவும் குறையவில்லை. ஊர் கிணற்றைத் தவளை தெரியும்வரை இறைத்துக் குடங்களை நிரப்பியது. அடைக்கலம் முதல் ஆளாகத் தம் குடத்தைத் தூக்கி லாரிக்குள் கவிழ்த்தார். ஊர் கைதட்டியது. அடுத்த குடம் நகர்ந்தது.

பாதி வரிசை முடிந்ததும் பின்னால் சண்டை மூண்டது. தொட்டி நிரம்பிக்கொண்டே வந்தது. கடைசியில் நின்றவர்களுக்குத் திகில் பிடித்தது. "எங்க முறை வர்றதுக்குள்ள லாரி நெறஞ்சுபோயிரும் போலருக்கே" என்றாள் தவமணி. அவள் சொன்னபடியே ஆயிற்று. லாரிக்காரர் மூடியைச் சாத்திக்கொண்டு கிளம்பினார். நிறைந்த குடங்களோடு பாதி ஊர் புழுதியில் நின்றது.

அடைக்கலத்தால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. மக்களில் பாதிப் பேருக்கு வாய்ப்பு, பாதிப் பேருக்கு வஞ்சனை என்பதை அவர் எந்த அரசாங்கத்திடமும் பொறுத்துக்கொண்டதில்லை. அங்கேயே குழுவைக் கூட்டினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மறுநாள் காலை கோணமரத்துப்பட்டி முழுவதும் வட்டாட்சியர் அலுவலக வாசலில் உட்கார்ந்தது. நிறைந்த குடங்களை லாரிக்கென்று யாரும் தொடவில்லை; எல்லார் நாக்கும் வறண்டிருந்ததால் முழக்கம் சரியாக எழும்பவில்லை. ஆனாலும் கோரிக்கை புரிந்தது. எங்கள் தண்ணீரை எடுத்துப் போக இரண்டாவது லாரி வேண்டும்.

அந்தக் கோரிக்கையை அரசாங்கம் அன்று மத்தியானமே ஏற்றுக்கொண்டது.